லூசர்னில் ஒரு வாரம்: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

சுவிட்சர்லாந்தில், லூசர்னை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் பத்து வருஷமாக வசிக்கிறேன். கோடை விடுமுறைக்கு இங்கே வரத் திட்டமிடுகிறவர்களின் கேள்விகள் நிறைய சேர்ந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கி, இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கோவையிலிருந்து: அக்கா, ஜூனில் ஏழு நாள் வருகிறோம். நான், கணவர், எட்டு வயது மகள், மாமனார், மாமியார். டிராவல்ஸ்காரர் சூரிச்சில் இரண்டு இரவு, லூசர்னில் இரண்டு, இன்டர்லாக்கனில் மூன்று என்று பிரித்துக் கொடுத்திருக்கிறார். சரியாக வருமா?

ஏழு இரவும் லூசர்னிலேயே தங்குங்கள். சூரிச் விமான நிலையத்திலிருந்து நேர் ரயிலில் ஒரு மணி நேரம்தான். ஹோட்டல் மாறும் ஒவ்வொரு தடவையும் பெட்டி கட்டுவது, அறை காலி செய்வது, புது அறை கிடைக்கும்வரை காத்திருப்பது என்று அரை நாள் கரைந்துவிடும். வயதானவர்களோடு வரும்போது இது இன்னும் கஷ்டம்.

அதைவிடப் பெரிய காரணம் மலை. ஜூன் மாதத்தில் காலையில் பளிச்சென்று இருக்கும், மதியம் இடி இடிக்கும். அடுத்த நாள் முழுக்க மேகம் மூடிக் கிடக்கும். மூன்று வருஷத்துக்கு முன் என் தங்கை குடும்பம் வந்தபோது, டிட்லிஸ் மலைக்கு இன்ன தேதி என்று ஊரிலேயே டிக்கெட் எடுத்து வந்தார்கள். அன்றைக்கு உச்சியில் இரண்டு மணி நேரம் நின்றும் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. மறுநாள் வானம் கண்ணாடி மாதிரி இருந்தது. அவர்களோ பெட்டிகளோடு ரயிலில் வேறு ஊருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வருத்தம்தான்.

அதனால் எல்லோருக்கும் நான் சொல்வது இதுதான்: மலைக்கு நாள் குறிக்காதீர்கள். பார்க்க வேண்டிய இடங்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், தேதி போடாதீர்கள். பிலாட்டஸ், ரிகி, டிட்லிஸ் மூன்றுக்குமே உச்சியிலிருந்து நேரலையாகக் காட்டும் வெப்கேம் உண்டு. காலை ஏழு மணிக்குக் காபி குடித்துக்கொண்டே அதைப் பாருங்கள். தெளிவாக இருந்தால் உடனே கிளம்புங்கள். மூடியிருந்தால் அன்றைக்கு ஊருக்குள் சுற்றலாம், அருங்காட்சியகம் போகலாம், இல்லை என்றால் பெர்ன் நகருக்குப் போய் வரலாம்.

சென்னையிலிருந்து: மூன்று மலையில் ஒன்றுதான் முடியும் என்றால் எது? எல்லோரும் டிட்லிஸ் என்கிறார்களே.

எதற்காக வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பிள்ளைகள் பனியைத் தொட வேண்டும், உருண்டை பிடித்து எறிய வேண்டும் என்றால் டிட்லிஸ். சிகரம் 3,238 மீட்டர், மேலே பனியாறு இருப்பதால் கோடையிலும் பனி கிடைக்கும். லூசர்னிலிருந்து எங்கல்பெர்க் வரை ரயிலில் முக்கால் மணி நேரம், பிறகு கேபிள் கார். கடைசிக் கட்டத்தில் வரும் கேபிள் கார் மேலே போகும்போதே தன்னைத்தானே சுற்றும்.

எனக்கு மனதுக்கு நெருக்கமானது ரிகி. 1,797 மீட்டர்தான், பனிச்சிகரமும் இல்லை. ஆனால் மேலே நின்றால் ஒரு பக்கம் ஆல்ப்ஸ் வரிசை முழுவதும், இன்னொரு பக்கம் ஏரிகளும் சமவெளியும் தெரியும். லூசர்னில் கப்பல் ஏறினால் ஒரு மணி நேரத்தில் ஃபிட்ஸ்னாவ். அங்கிருந்து பல்சக்கர ரயில், தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பல்வரிசையில் சக்கரத்தின் பற்கள் மாட்டி மாட்டி மேலே ஏறுகிறது. 1871இல் ஓடத் தொடங்கிய இதுதான் ஐரோப்பாவின் முதல் பல்சக்கர மலை ரயில். அதற்கு முன் உச்சிக்குப் போக நடை, குதிரை, இல்லாவிட்டால் ஆட்கள் சுமக்கும் நாற்காலி. இறங்கும்போது பாதி வழியில் ரிகி கால்ட்பாடில் இறங்கி, கேபிள் காரில் வெகிஸ் வந்து கப்பல் பிடியுங்கள். போன வழியிலேயே திரும்ப வேண்டியதில்லை.

பிலாட்டஸ் ஊருக்கு மிக அருகில், தலைக்கு மேலேயே நிற்கும் பாறை மலை. அல்ப்னாக்ஷ்டாடிலிருந்து ஏறும் பல்சக்கர ரயில் 1889ஆம் ஆண்டுக்காரர். உலகின் பல்சக்கர ரயில்களிலேயே மிகச் செங்குத்தானது, சில இடங்களில் சரிவு 48 சதவீதம். கப்பலில் அல்ப்னாக்ஷ்டாட், ரயிலில் உச்சி, மறுபக்கம் கேபிள் காரில் கிரீன்ஸ், பஸ்ஸில் லூசர்ன் என்று ஒரு வட்டம் அடிக்கலாம். அந்த ரயில் குளிர்காலத்தில் ஓடாது. கிரீன்ஸ் பக்கத்துக் கேபிள் கார் மட்டும்தான் அப்போது.

மதுரையிலிருந்து: ஸ்விஸ் டிராவல் பாஸ் வாங்கவா, டெல் பாஸ் வாங்கவா? படித்துப் படித்துக் குழம்பிவிட்டேன்.

வழியை முதலில் முடிவு செய்யுங்கள், பாஸ் தானாகவே முடிவாகிவிடும். லூசர்ன் ஏரியையும் சுற்றியுள்ள மலைகளையும் மட்டும் பார்ப்பதென்றால் டெல் பாஸ். கப்பல், ரயில், பஸ்ஸோடு ரிகி, பிலாட்டஸ், டிட்லிஸ் எல்லாமே அதில் அடங்கும். ஐந்து நாளுக்கு உண்டு, அடுத்தது பத்து நாள். விமான நிலைய ரயிலுக்கு மட்டும் தனி டிக்கெட் எடுக்க வேண்டும்.

பெர்ன், இன்டர்லாக்கன், சூரிச் என்று வெளியே போகப் போகிறீர்கள் என்றால் ஸ்விஸ் டிராவல் பாஸ். அதில் ரிகி முழுக்க இலவசம், பிலாட்டஸுக்கும் டிட்லிஸுக்கும் பாதிக் கட்டணம். பல அருங்காட்சியகங்களுக்கும் அதுவே நுழைவுச்சீட்டு. ஃபிளெக்ஸ் என்று ஒரு வகை இருக்கிறது. ஒரு மாதத்துக்குள் விரும்பிய நாட்களில் மட்டும் பயன்படுத்தலாம். வானத்தைப் பார்த்து முடிவு செய்கிறவர்களுக்கு அதுதான் தோது. அப்பா அம்மாவிடம் இந்தப் பாஸ் இருந்தால் 6 முதல் 15 வயதுவரை பிள்ளைகளுக்குக் கட்டணமில்லை, ஆனால் ஃபேமிலி கார்டு கேட்டு வாங்க வேண்டும். கேட்காமல் விட்டுவிடாதீர்கள்.

நகருக்குள் மட்டும் சுற்றும் நாளுக்குப் பாஸே தேவையில்லை. ஹோட்டலில் தங்குகிறவர்களுக்கு விருந்தினர் அட்டை தருவார்கள், நகர பஸ்ஸுக்கு அதுவே போதும்.

திருச்சியிலிருந்து: என் அம்மாவுக்கு 70 வயது, மூட்டு வலி. படி ஏற முடியாது. அழைத்து வரலாமா?

தைரியமாக அழைத்து வாருங்கள். கப்பல், ரயில், பஸ் மூன்றிலும் சிரமம் குறைவு. மலைக்கு ரிகியைத் தேர்ந்தெடுங்கள். ரயில் நிலையத்துக்குச் சற்று மேலேதான் உச்சி, ஆனால் நிலையத்தின் பக்கத்திலிருந்தே காட்சி அருமையாக இருக்கும். அம்மா பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கட்டும், மற்றவர்கள் ஏறிவிட்டு வரலாம். டிட்லிஸில் உயரம் அதிகம், சிலருக்குத் தலை சுற்றும். இதய நோயோ மூச்சிரைப்போ இருந்தால் உங்கள் மருத்துவரிடம் கேட்காமல் அங்கே ஏற்றாதீர்கள்.

பெங்களூரிலிருந்து: கப்பல் பயணம் ஒரு மணி நேரச் சுற்று போதுமா?

போதாது. கெஞ்சிக் கேட்கிறேன், ஒரு நாளை இதற்கென்றே கொடுங்கள். லூசர்னிலிருந்து ஏரியின் மறுமுனையான ஃப்ளூலன் வரை போக மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. முடிந்தால் அட்டவணையில் நீராவிக் கப்பல் எது என்று பார்த்து ஏறுங்கள். பக்கச் சக்கரம் சுழலும் பழைய கப்பல்கள் ஐந்து இன்னும் ஓடுகின்றன. மூத்தது ஊரி, 1901ஆம் ஆண்டுக் கப்பல். கப்பலின் நடுவில் நின்று எட்டிப் பார்த்தால் எண்ணெய் மினுங்கும் எந்திரத் தண்டுகள் சுழல்வது கண்ணெதிரே தெரியும். பிள்ளைகள் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார்கள்.

முதல் ஒன்றரை மணி நேரம் புல்வெளியும் சிற்றூர்களுமாக மென்மையாக இருக்கும். புருனென் தாண்டி ஏரி தெற்கே திரும்பியதும் எல்லாமே மாறிவிடும். இரண்டு பக்கமும் பாறை நேராகத் தண்ணீருக்குள் இறங்கும், ஏரி குறுகும், காற்று பலக்கும். அங்கேதான் ரூட்லி புல்வெளி. 1291இல் மூன்று வனப் பகுதிகளின் ஆட்கள் அங்கே கூடி ஒருவருக்கொருவர் துணை நிற்பதாகச் சத்தியம் செய்தார்கள், நாடு அதில்தான் பிறந்தது என்பது இவர்களின் மரபுக்கதை. ஆகஸ்ட் 1 தேசிய நாளானது 1291 ஆகஸ்ட் தொடக்கத்தில் எழுதியதாகச் சொல்லும் உடன்படிக்கையை வைத்துத்தான். ரூட்லியில் இறங்கிச் சிறிது நடந்துவிட்டு அடுத்த கப்பலில் தொடரலாம். ஃப்ளூலனிலிருந்து ரயிலில் திரும்புங்கள்.

ஈரோட்டிலிருந்து: நகரத்தில் பார்க்க என்ன இருக்கிறது? அரை நாள் போதும் என்கிறார்கள்.

மரப்பாலத்தில் போட்டோ எடுத்துவிட்டுப் போனால் அரை நாளே அதிகம். கப்பெல் பாலம் என்ற அந்த மரப்பாலம் 14ஆம் நூற்றாண்டுக்காரர். கூரைக்கடியில் முக்கோணப் பலகைகளில் ஓவியங்கள். 1993 ஆகஸ்டில் ஒரே இரவில் பாலத்தின் பெரும்பகுதி எரிந்துபோய், ஓவியங்களில் பெரும்பாலானவை கருகிவிட்டன. அடுத்த ஆண்டே பாலத்தைக் கட்டி முடித்துத் திறந்தார்கள். நடக்கும்போது மரத்தின் நிறத்தைக் கவனியுங்கள், பழையதும் புதியதும் சேரும் இடம் தெரியும். சற்றுத் தள்ளி ஷ்ப்ராயர் பாலம் இருக்கிறது, கூட்டமே இருக்காது. ராஜா, பாதிரியார், வியாபாரி என்று யாரானாலும் எலும்புக்கூடாக வரும் மரணம் கைபிடித்து அழைத்துப்போகும் 17ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் அங்கே உண்டு.

அப்புறம் சிங்கம். 1792 ஆகஸ்ட் 10 அன்று பாரிஸ் அரண்மனையைக் காத்து மடிந்த சுவிஸ் காவல்படை வீரர்களுக்காகப் பாறையிலேயே குடைந்த சிற்பம். டென்மார்க்கின் தோர்வால்ட்சன் வடிவமைத்தது, 1821இல் திறந்தார்கள். உடலில் ஈட்டி முறிந்து நிற்க, சாகும் சிங்கம் கேடயத்தின் மேல் கால் வைத்துக் கிடக்கிறது. காலை எட்டு மணிக்கு முன்னே போங்கள். பஸ்கள் வந்து நின்ற பிறகு அந்த முகத்தை நிதானமாகப் பார்க்க முடியாது.

முசெக் கோட்டை மதிலில் ஒன்பது கோபுரங்கள். மணிக்கூண்டுக் கோபுரத்தின் கடிகாரம் நகரத்தின் மற்ற கடிகாரங்களைவிட ஒரு நிமிடம் முன்பே அடிக்கும், மூத்த கடிகாரத்துக்குக் கொடுத்த உரிமை அது. மழை நாளுக்குப் போக்குவரத்து அருங்காட்சியகத்தை வைத்துக்கொள்ளுங்கள். ரயில் எஞ்சின், விமானம், கப்பல் என்று பிள்ளைகளுக்கு ஒரு முழு நாள் போகும்.

சேலத்திலிருந்து: நாங்கள் சுத்த சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

சமையலறை உள்ள வாடகை வீடு எடுங்கள் அம்மா. ஓட்டல் செலவில் பாதிக்கு மேல் மிச்சமாகும். மிக்ரோஸ், கோப் இரண்டும் பெரிய கடைகள். அரிசி, தயிர், காய்கறி, ரொட்டி எல்லாம் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், ரயில் நிலையத்துக்குள் இருப்பவை மட்டும் திறந்திருக்கும். சனிக்கிழமையும் சீக்கிரம் மூடிவிடுவார்கள்.

ஊரிலிருந்து பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், அப்பளம் எடுத்து வாருங்கள். நெய், பால்கோவா போன்ற பால் பொருட்களையும் பச்சைக் கறிவேப்பிலையையும் கொண்டு வர அனுமதி இல்லை. வெளியே சாப்பிடும்போது ‘ஓனே ஃப்ளைஷ்’ என்று சொல்லுங்கள், இறைச்சி இல்லாமல் என்று பொருள். ரோஸ்டி என்ற உருளைக்கிழங்கு உணவில் பன்றி இறைச்சித் துண்டு போடுவதுண்டு, கேட்டுவிடுங்கள். இன்னொன்று: இங்கே பாரம்பரிய பாலாடைக்கட்டிகள் பலவற்றில் பாலைத் திரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருளைச் சேர்க்கிறார்கள். கடைப்பிடிப்பில் கண்டிப்பானவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

யாழ்ப்பாணத்திலிருந்து: ஒரு நாள் கோயிலுக்கும் போக ஆசை. பக்கத்தில் இருக்கிறதா?

இருக்கிறது. இங்கே ஈழத்தமிழர்கள் நிறையப் பேர் வாழ்வதால் கோயில்களும் பல ஊர்களில் உள்ளன. பெர்னுக்குப் போகும் நாளில் சமயங்களின் இல்லம் என்ற கட்டடத்துக்குப் போய் வாருங்கள். 2014இல் திறந்தது. ஒரே கூரையின் கீழ் சைவக் கோயில், பள்ளிவாசல், தேவாலயம், புத்த மத இடம் எல்லாம் இருக்கின்றன. லூசர்னிலிருந்து பெர்ன் ஏறக்குறைய ஒரு மணி நேர ரயில் பயணம்.

ஹைதராபாதிலிருந்து: யுங்ஃப்ராவ்யோக் பனிமலைக்கு ஒரே நாளில் போய் வர முடியுமா?

முடியும், ஆனால் ஒரு வழிக்கே மூன்று மணி நேரத்துக்கு மேல். பாஸ் போகத் தனிச் செலவும் பெரிது. வாரம் முழுக்க வானம் தெளிவாக இருந்தால் யோசியுங்கள். இல்லாவிட்டால் டிட்லிஸ் போதும்.

திருநெல்வேலியிலிருந்து: கடைசி நாள் இரவு 9 மணிக்கு விமானம். அறையைக் காலையிலேயே காலி செய்ய வேண்டும். பகலை என்ன செய்ய?

பெட்டிகளை லூசர்ன் ரயில் நிலையத்து லாக்கரில் வைத்துவிடுங்கள். அன்று செவ்வாயோ சனியோ என்றால் ராய்ஸ் ஆற்றங்கரையில் காலைச் சந்தை நடக்கும், ஜூனில் போனால் செர்ரி வாங்கிக்கொள்ளுங்கள். நிலையத்திலிருந்து ஏரிக்கரை இரண்டு நிமிட நடை. மாலை ஐந்து மணி ரயிலைப் பிடித்தால் ஆறு மணிக்கு விமான நிலையத்தில் இருப்பீர்கள்.