ஜெர்சியில் இருக்கும் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்கும் பெயரும்

சாட்ஸ்வர்த்திலிருந்து கேட்டிருக்கும் அம்மாவுக்கு,

பதினோராம் வகுப்பு படிக்கும் மகளை, ஆண்கள் கால்பந்துக் கிளப் ஒன்றின் பெயர் தாங்கிய பெண்கள் அணி கூப்பிடுகிறது. பெரிய கிளப்தானே, நம்பி அனுப்பலாமா என்கிறீர்கள். பெயரை மட்டும் பார்த்து அனுப்பாதீர்கள்.

நம் தென்னாப்பிரிக்காவில் ஆண்கள் பிரீமியர் லீக்கை நடத்துவது பி.எஸ்.எல். என்ற லீக் அமைப்பு. பெண்களின் தேசிய லீக், இன்றைய ஹாலிவுட்பெட்ஸ் சூப்பர் லீக், 2019இல் தேசியக் கால்பந்துச் சங்கமான சாஃபா தொடங்கியது. நிர்வாகமும் வேறு, பணம் வரும் வழியும் வேறு. ஆண்கள் அணிக்கு வரும் பணத்தில் பெண்கள் அணிக்கு எவ்வளவு என்பதை கிளப் முதலாளிதான் முடிவு செய்கிறார். மாமெலோடி சன்டவுன்ஸ் தாராளமாகச் செய்தது. அதன் பெண்கள் 2021இலும் 2023இலும் ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக்கை வென்றார்கள். எல்லாக் கிளப்பும் சன்டவுன்ஸ் ஆகிவிடாது.

ஆண்கள் கிளப் கைமாறவும் செய்யும். உங்கள் ஊர் மைதானத்தில் ஆடிய ராயல் ஏஎம், 2021இல் புளூம்ஃபொன்டைன் செல்டிக்கின் இடத்தை வாங்கி வந்தது, 2025இல் பி.எஸ்.எல். அதன் உறுப்புரிமையையே ரத்து செய்தது. மேலே இப்படி நடந்தால் செலவு முதலில் வெட்டப்படுவது பெரும்பாலும் பெண்கள் அணியில்தான். அதனால் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது தாய்க் கிளப்பா, தனியாகப் பதிவான வேறு நிறுவனமா என்று பாருங்கள். வேறு நிறுவனம் என்றால், சம்பளம் நின்றால் தாய்க் கிளப்பைப் பிடித்துக் கேட்க முடியாமல் போகலாம்.

செலவுக்கு மேல் பணமும் எழுத்தில் ஒப்பந்தமும் இருந்தால்தான் ஃபிஃபா விதிப்படி அவள் தொழில்முறை வீராங்கனை. பயணப்படி மட்டும் என்றால் அமெச்சூர்தான், யார் என்ன பெயர் சொன்னாலும். சம்பளம் பன்னிரண்டு மாதமா, சீசன் மாதங்களுக்கு மட்டுமா? 18 வயதுக்குள் ஒப்பந்தம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக்கூடாது. உங்கள் கையெழுத்தும் வேண்டும். பிறகு வெளிநாட்டுக் கிளப் கேட்டால் 'பயிற்சி இழப்பீடு' (பயிற்றுவித்த கிளப்புக்குப் புதிய கிளப் தரும் பணம்) என்று சொல்லித் தடுக்க முடியாது. ஃபிஃபாவின் அந்த விதி பெண்கள் கால்பந்துக்குப் பொருந்தாது.

முழங்கால் தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். அறுவை சிகிச்சைக்குப் பின் மைதானம் திரும்பக் குறைந்தது ஒன்பது மாதம் ஆகும். அந்தச் செலவு யாருடையது, அந்த மாதங்களில் சம்பளம் உண்டா என்பது எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ச்சொல் போதாது.

முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு நாள் பயிற்சிக்குப் போய்ப் பாருங்கள். ஆண்களும் ரிசர்வ் அணியும் முடித்த பிறகு, விளக்கில்லாத ஓரத்தில் பெண்கள் ஆடுகிறார்களா? பிசியோ அங்கே நிற்கிறாரா? கிளப் எந்த இடத்தில் அவர்களை வைத்திருக்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

என் யோசனை: மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) முடியும்வரை வீட்டிலிருந்தே, சூப்பர் லீக்குக்கு அடுத்த நிலையில் மாகாண அளவில் நடக்கும் சாசோல் லீக் அணியில் ஆடட்டும், மாகாண வெற்றியாளர்கள் மோதும் தேசியப் போட்டி வழியாகத்தான் சூப்பர் லீக்குக்கு ஏற முடியும், ஆட்களைத் தேடுகிறவர்கள் அங்கே வருவார்கள். நான்கு பாடத்தில் 50 சதவீதத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; பட்டப்படிப்புத் தேர்ச்சிக்கு அது வேண்டும். வெஸ்டர்ன் கேப் பல்கலைக்கழகமும் ட்ஷ்வானே தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சூப்பர் லீக்கிலேயே ஆடியிருக்கின்றன. 2018இல் ஆப்பிரிக்காவின் சிறந்த வீராங்கனையான தெம்பி க்கட்லானா வெஸ்டர்ன் கேப்பில் படித்துக்கொண்டே ஆடியவர். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ராண்டுக்குள் என்றால் அரசின் மாணவர் நிதித் திட்டமான என்எஸ்ஃபாஸ் உதவிக்கும் விண்ணப்பிக்கலாம்.

கிளப்புக்கே அனுப்புவதென்று முடிவானால், ஒப்பந்த நகலை வீட்டுக்குக் கொண்டுவந்து நிதானமாகப் படியுங்கள். 'மைசாஃபா (சாஃபாவின் இணைய வழி வீரர் பதிவு) பதிவுக்குத்தான்' என்று அவசரப்படுத்தினாலும், அதுவரை பிறப்புச் சான்றிதழைக் கொடுக்க வேண்டாம்.