வந்தானா, வந்தாளா: பழனி மலையிலிருந்து வந்த கேம் கேள்விகள்

கொடைக்கானலிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் கேம் செய்யப் பழகுகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பால்புதுமையர் (க்வியர்) பாத்திரங்களை வைத்துச் சின்ன கேம் செய்வது பற்றி மட்டும் பதில் சொல்கிறேன்.

கொடைக்கானல், கல்லூரி மாணவி: அக்கா, எனக்கு கோடிங் தெரியாது. ரெண்டு பொண்ணுங்களோட காதல் கதை. எதுல ஆரம்பிக்கிறது?

எழுத்துதான் அதிகம் என்றால் ட்வைன் என்ற மென்பொருள். இலவசம். முடிவில் ஒரே ஒரு எச்டிஎம்எல் (வலைப்பக்க) கோப்பு கிடைக்கும், எந்த போனிலும் திறக்கும். தமிழ் எழுத்தை ப்ரவுசரே ஒழுங்காகக் கோத்துவிடும். முகபாவம், பின்னணிப் படம், இசை எல்லாம் வேண்டுமென்றால் ரென்பை என்ற மென்பொருள். பாத்திரம் நடக்கணும், குதிக்கணும் என்றால் கோடோ 4 என்ற மென்பொருள். முதல் கேமுக்கு 3 இடம், 4 பாத்திரம், 20 நிமிடம் போதும். அதற்கு மேல் போனால் பாதியில் நிற்கும்.

ஒரு எச்சரிக்கை. ட்வைனை ப்ரவுசரிலேயே ஓட்டினால் உங்கள் கதை அந்த ப்ரவுசரின் நினைவகத்தில்தான் இருக்கிறது. ஹிஸ்டரியோடு தளங்களின் தரவையும் அழித்தால் கதையும் போச்சு. ஐபோன் சஃபாரியில் 7 நாள் அந்தப் பக்கம் போகாவிட்டாலே அழிந்துவிடலாம். தினமும் எழுதி முடித்ததும் ஆர்கைவ் பொத்தானை அழுத்தி நகல் எடுங்கள்.

பண்ணைக்காடு: ரென்பைல தமிழ் கட்டம் கட்டமா வருது.

அதோடு வரும் எழுத்துருவில் தமிழ் கிடையாது. நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசம். அந்த டிடிஎஃப் கோப்பை கேம் கோப்புறையில் போட்டு, ஜியூஐ (gui.rpy) கோப்பில் எழுத்துருப் பெயர் வரும் 3 வரிகளையும் மாற்றுங்கள்: உரைக்கு ஒன்று, பேசுபவர் பெயருக்கு ஒன்று, பொத்தான்களுக்கு ஒன்று. ஒன்றை மட்டும் மாற்றினால் வசனம் சரியாகும், மெனு கட்டமாகவே இருக்கும். கட்டம் போய்க் கொம்பு மட்டும் இடம் மாறி நின்றால் பதிப்பு பழையது. 8.1-க்கு மேல் போங்கள்.

கோடோவில் 3 வேண்டாம், 4 எடுங்கள். அதிலும் எழுத்து ஒவ்வொன்றாக விழும்படி வைத்தால் 'கொ' முதலில் 'க' என்று வந்து பிறகு கொம்பு முளைக்கும். வசனத்தைக் காட்டும் லேபிளின் அமைப்பில் எழுத்துகளை வடிவமைத்த பிறகு எண்ணும்படி மாற்றினால் அது நிற்கும்.

பெருமாள்மலை: இந்த மாதிரி கேம்கள் எல்லாம் இப்ப வந்த ஃபேஷன்தானே?

இல்லை. 'கேப்பர் இன் த காஸ்ட்ரோ' என்ற கேம் 1989-ல் வந்தது. சி. எம். ரால்ஃப் ஆப்பிள் கணினியின் ஹைப்பர்கார்டு மென்பொருளில் செய்தார். சான் பிரான்சிஸ்கோவில் காணாமல் போன ஒரு டிராக் குவீனை (பெண் வேடமிட்டு மேடையேறும் கலைஞரை) தேடும் லெஸ்பியன் துப்பறிவாளர் கதை. கேமுக்கு விலை வைக்காமல், எய்ட்ஸ் நிதிக்கு நன்கொடை கொடுங்கள் என்று கேட்டு வெளியிட்டார். பல ஆண்டுகள் கிடைக்காமல் கிடந்தது. அவரிடமே ஃபிளாப்பி இருந்ததால் மீண்டது, 2017-லிருந்து இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணையக் காப்பகத்தில் விளையாடலாம். நகல் வைத்திருங்கள் என்று நான் ஓயாமல் சொல்வதற்கு இதுவே காரணம்.

கொடைக்கானல், இன்னொருவர்: ஸ்டார்டியூ வேலி மாதிரி யாரை வேணாலும் கல்யாணம் பண்ணலாம்னு வச்சா போதாதா?

தொடக்கத்துக்கு நல்லது, முழுப் பதில் இல்லை. 2016-ல் வந்த அந்த விவசாய கேமில் நீங்கள் யாராக இருந்தாலும் எந்த வரனும் சம்மதிப்பார். ஆனால் அவருக்கென்று தனி ஆசை இருப்பது தெரியாது. வரன்களில் ஒருத்தியான லீயாவின் பழைய காதலர் கெல் ஆணா பெண்ணா என்பதுகூட ஆடுபவரின் பாலினத்தைப் பொறுத்தே மாறும். ஆடுபவர் யாராக இருந்தாலும் மாறாத ஒரு பாத்திரத்தையாவது வையுங்கள்: பெண்களை மட்டும் விரும்பும் பெண், ஆடுபவர் ஆணென்றால் மறுத்துவிட்டு நண்பராக இருப்பவள். அந்த மறுப்பை 2 வரியாவது நன்றாக எழுதுங்கள்.

பூம்பாறை: ஹீரோ ஒரு திருநங்கை. ஊருக்குத் திரும்பி வர்றா. முதல் ஸ்க்ரீன்ல பாலினம் கேட்கலாமா?

வேண்டாம். தமிழில் 'நான் வந்தேன்', 'நீ வந்த' இரண்டிலும் பால் தெரியாது. படர்க்கைக்குப் போனால்தான் வினை காட்டிக்கொடுக்கும். அதனால் கதையைத் தன்மையில் எழுதுங்கள், மற்றவர்கள் வாயால் மட்டும் பால் வரட்டும்.

தாண்டிக்குடி: இதுக்கு ஏன் இவ்வளவு? எல்லா இடத்துலயும் 'அவர்'னு போட்டா முடிஞ்சுதே.

முடியாது. 'அவர்' வெறும் பொதுப்பால் இல்லை, அதில் வயதும் தூரமும் மரியாதையும் இருக்கிறது. பூண்டு உரித்துக்கொண்டே பேசும் பாட்டி பேத்தியை 'அவர் வந்தார்' என்றால் யாருக்கும் நம்பிக்கை வராது.

தாண்டிக்குடி: அப்ப மரியாதை கொடுக்கிறது தப்பா?

தப்பில்லை. தன்னை 'அவர்' என்றோ 'அவங்க' என்றோ சொல்லச் சொல்பவருக்கு அதையே போடுங்கள். பூம்பாறைக்காரரின் நாயகி அப்படிக் கேட்கவில்லை. தன்னை 'அவ' என்று வீட்டில் ஒருத்தராவது சொல்லணும் என்று அவள் காத்திருக்கிறாள். அங்கே 'அவர்' போடுவது சிக்கலிலிருந்து நழுவுவது.

பூம்பாறைக்காரர் கவனியுங்கள், உங்கள் கேமின் உயிர் இதில்தான் இருக்கிறது. நாயகியின் பாலைக் குறிக்க ஒரே ஒரு மாறியை (வேரியபிளை) வைக்காதீர்கள். பேசும் ஒவ்வொருவருக்கும் தனித்தனி மாறி வையுங்கள்: அம்மாவுக்கு ஒன்று, பாட்டிக்கு ஒன்று, டீக்கடைக்காரருக்கு ஒன்று. பேச்சுத் தமிழில் விகுதி நான்கும் ஒரே துணைக்காலில் தொடங்குவது உங்களுக்கு வசதி: வந்தான், வந்தா, வந்தாரு, வந்தாங்க. 'வந்த', 'போன', 'வர்ற', 'சொல்லுவ' என்று அடியை எழுதி விகுதியை ஒட்டினால் பெரும்பாலான வினை சரியாக வரும். வேற்றுமைக்கு இன்னொரு வரிசை: அவனு, அவளு, அவரு, அவங்களு. பின்னால் 'க்கு' ஒட்டும். 'வரல', 'போகல' போன்ற எதிர்மறையில் பால் இல்லை, அவற்றைத் தொட வேண்டாம்.

வினையைச் சரிபார்த்துவிட்டு முறைப்பெயரைக் கோட்டைவிடுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. டா, டி, தம்பி, பாப்பா, அண்ணா, அக்கா எல்லாம் மாறியில் வரணும். அம்மா 'வந்தா' என்று சொல்லிவிட்டு அடுத்த வரியில் 'சாப்டியாடா' என்றால், அது நீங்கள் வேண்டுமென்றே வைத்ததாக இருக்கணும்.

காட்சி இப்படி நிற்கும். முதல் நாள் அம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம்: "வந்துட்டான்." டீக்கடைக்காரர் யோசித்து: "வந்துட்டாங்க போல." பாட்டி, யாரும் கேட்காமலே: "எம் பேத்தி வந்துட்டா." நாலாம் நாள் அம்மா போனில் யாரிடமோ "தூங்குறா" என்கிறாள். இசை வேண்டாம், விளக்கம் வேண்டாம். ஆடுபவர் அந்த ஒரு எழுத்தைப் பார்த்துவிடுவார்.

தாண்டிக்குடி: இதெல்லாம் ஆடுறவங்க கவனிப்பாங்களா?

தமிழ் பேசி வளர்ந்தவர் அத்தனை பேரும் கவனிப்பார்கள். தன் வீட்டில் தன்னை எப்படிச் சொல்கிறார்கள் என்று தினம் காது கொடுத்துக் கேட்கிறவர் இன்னும் முன்னாலேயே கவனிப்பார். இதோடு இந்த வாதத்தை நிறுத்திக்கொள்வோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கூக்கால்: எந்த சாஃப்ட்வேர் நல்லது?

முதல் பதிலைப் பாருங்கள்.

கொடைக்கானல்: பாட்டி 'திருநங்கை'னு சொல்லணுமா, 'பால்புதுமையர்'னா?

பாட்டி 'எம் பேத்தி' என்று சொன்னால் போதும். கேமை வெளியிடும் தளத்தின் விளக்கப் பக்கத்துக்குத்தான் சரியான சொல் தேவை. தமிழ்நாடு அரசு 2022-ல் அரசிதழில் வெளியிட்ட சொற்பட்டியலிலிருந்து எடுங்கள்.

மன்னவனூர்: கடைசில ரெண்டு பேரும் கிரீன் வேலி வியூவுல உயிரை விடுற மாதிரி முடிக்கிறேன். சோகமா இருக்கும்.

இதைச் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த மலை விளிம்புக்கு இருந்த, சாவை நினைவூட்டும் பழைய பெயரை மாற்ற இந்த ஊர் பாடுபட்டிருக்கிறது. தன்பால் காதலர்கள் செத்துத்தான் முடிவார்கள் என்று ஆடுபவர் ஏற்கெனவே நூறு தரம் பார்த்தாயிற்று. சோகத்தை எடுக்க வேண்டாம், இடம் மாற்றுங்கள். கடைசி பஸ்ஸைத் தவறவிடும் இரவைக் கதையின் நடுவில் வையுங்கள். மறுநாள் காலை என்று ஒரு காட்சி கட்டாயம் இருக்கட்டும்: வத்தலக்குண்டில் வாடகைக்கு வீடு, முன்பணத்துக்கு என்ன விற்பது, யார் வீட்டுக்கு முதலில் போன் செய்வது. தேர்வுகள் கொடுக்க எவ்வளவு இடம் பாருங்கள். தற்கொலை எண்ணம் கதையில் வந்தே தீரும் என்றால் எப்படி என்று காட்டாதீர்கள். தொடக்கத் திரையில் முன்னறிவிப்பும் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணும் வையுங்கள்.

ஊர் சொல்லவில்லை: பேர் தெரியாம வெளியிடணும். வீட்டுல தெரியக் கூடாது.

பெயர் கசியும் இடங்கள் இவை. ட்வைன் கோப்பில் எந்த இணைப்பும் இல்லாத பத்திகளும் உள்ளேயே இருக்கும், பக்கத்தின் மூலத்தைத் திறந்தால் படிக்கலாம். வரைவில் உண்மைப் பெயர் எழுதியிருந்தால் அழியுங்கள். போனில் எடுத்த படத்தில் இடக்குறிப்பு ஒட்டியிருக்கும். கணினியில் திறந்து புதுப் படமாக ஏற்றுமதி செய்து, படத்தின் விவரங்களில் இடக்குறிப்பு போய்விட்டதா என்று பாருங்கள். ரென்பை கோப்புறையை அப்படியே ஜிப் செய்யாதீர்கள், பிழைகளைப் பதியும் ட்ரேஸ்பேக் கோப்பில் உங்கள் கணினிக் கணக்கின் பெயர் வரலாம். வெளியிடும் பிரதியை ரென்பையிலேயே உள்ள பில்ட் வழியாக எடுங்கள். வெளியிடும் கணக்குக்குத் தனி மின்னஞ்சல். உங்கள் தெரு, உங்கள் வீட்டு வாசல் நிறம் வேண்டாம், சின்ன ஊரில் அதுவே போதும் கண்டுபிடிக்க. இன்னொருவரின் உண்மைக் கதை என்றால் அவர் சம்மதம் இல்லாமல் ஒரு வரியும் வேண்டாம்.

பண்ணைக்காடு: இட்ச்ல போட்டா காசு வருமா?

முதல் கேமில் எதிர்பார்க்காதீர்கள். இட்ச், ஸ்டீம் இரண்டும் கேம் வெளியிடும் தளங்கள். இட்ச்சில் நுழைவுக் கட்டணம் இல்லை, ஸ்டீமில் ஒரு கேமுக்கு 100 டாலர். 2025 ஜூலையில் பணப் பரிமாற்ற நிறுவனங்களின் நெருக்கடியால் இட்ச் வயதுவந்தோர் கேம்களைத் தேடலிலிருந்து எடுத்தது, அதில் பால்புதுமையர் செய்தவையும் மறைந்தன. ஒரே தளத்தை நம்பாதீர்கள். நகல் வைத்திருங்கள்.

பெருமாள்மலை: ரென்பை நல்லதா, ட்வைன் நல்லதா?

முதல் பதில்.

பூம்பாறை: அக்கா, நீங்க சொன்ன மாதிரி ட்வைன்ல 'வந்த' கூட விகுதிய ஒட்டினேன். நடுவுல புள்ளி வட்டம் வருது.

ட்வைனின் கதை வடிவங்களில் ஒன்றான ஹார்லோ மாறியைத் தனி உறைக்குள் அச்சிடும், அதனால் துணைக்கால் தன் எழுத்தைப் பிரிந்து அநாதையாக நிற்கலாம். ட்வைனில் முழுச் சொல்லையே சேமியுங்கள்: அம்மா வாயில் வரும் 'வந்தான்', 'வந்தா', 'தூங்குறான்', 'தூங்குறா'. அம்மாவுக்கு எத்தனை வினை வரும், 15 இருக்குமா? ஒரு தாளில் எழுதிவிட்டுத் தொடங்குங்கள். ரென்பையில் சதுர அடைப்புக்குள் மாறியைப் போட்டால் ஒரே சரமாகச் சேர்ந்த பிறகுதான் வரையும், அங்கே இந்த வட்டம் வராது.