நாற்காலியைப் போடுங்கள், பிறகு பேசலாம்: தன்னை அறியும் பலகை விளையாட்டு பற்றிய கேள்வி பதில்

தன்னை அறிய உதவும் பலகை விளையாட்டு ஒன்றை நானும் என் தோழியும் மயிலாப்பூரில் ஒரு மொட்டைமாடியில் உட்கார்ந்து உருவாக்கினோம். தாயக்கட்டையை உருட்ட வேண்டும். காய் போய் நிற்கும் கட்டத்துக்கு உரிய அட்டையை எடுத்து, அதில் உள்ள கேள்விக்கு மனத்தில் தோன்றுவதைச் சொல்ல வேண்டும். வெற்றி தோல்வி கிடையாது. ஏழு ஆண்டுகளாக அந்தப் பலகையைப் பூங்கா, நூலகம், குடியிருப்பு வளாகம், கல்லூரி விழா என்று சென்னை முழுக்கத் தூக்கிக்கொண்டு அலைகிறேன். இதே போன்ற விளையாட்டைக் கையில் வைத்துக்கொண்டு, மக்களிடம் எப்படிக் கொண்டுபோவது என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

நூறு பெட்டிகள் அச்சாகி வீட்டில் இருக்கின்றன. நேரடியாகப் புத்தகக் காட்சியில் ஓர் அரங்கு எடுத்துவிடலாமா அக்கா? (அம்பத்தூரிலிருந்து ஓர் இளைஞர்)

அவசரப்படாதீர்கள் தம்பி. சென்னைப் புத்தகக் காட்சி 1977-இல் தொடங்கியது. பொங்கலை ஒட்டி நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடக்கும்போது அங்கே வருகிறவர் கையில் ஒரு பட்டியல் இருக்கும், பின்னாலிருந்து கூட்டம் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த நடைபாதையில் ஒருவரை நிறுத்தி, "உங்களைப் பற்றிக் கொஞ்சம் யோசியுங்கள்" என்றால் நிற்க மாட்டார். பதிப்பாளர்களும் விற்பனையாளர்களும் நடத்தும் காட்சி அது. வாடகை கொடுத்துவிட்டு நாள் முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் நிலை உங்களுக்கு வர வேண்டாம். தெரிந்த பதிப்பாளர் யாராவது தம் அரங்கின் ஓரத்தில் ஒரு மேசை போட இடம் கொடுத்தால் மட்டும் போங்கள். அப்போதும் நான்கு நாற்காலிகள் அவசியம். மூன்று மணி நேரம் நடந்த கால்களுக்கு நாற்காலியைவிடப் பெரிய அழைப்பு எதுவும் இல்லை.

தொடங்குவதற்கு நான் சொல்லும் இடம் நவராத்திரி கொலு. சிரிக்காதீர்கள், மனமாரச் சொல்கிறேன். கொலு பார்க்க வருகிறவர்கள் உட்காரத்தான் வருகிறார்கள். சுண்டல் கைக்கு வரும்வரை பதினைந்து நிமிடம் இருக்கிறது. தெரிந்தவர் வீட்டில் பலகையை விரித்து வையுங்கள். வீட்டுக்காரர் சம்மதித்தால் தாம்பூலப் பையில் ஒரே ஒரு கேள்வி அட்டையைப் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். ஒரு கொலுவில் இப்படிக் கொடுத்த அட்டைகளால் அடுத்த வாரமே மூன்று வீடுகளிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. அதற்குப் பிறகு உங்கள் பகுதி நூலகம், குடியிருப்போர் சங்கத்தின் பொங்கல் விழா, ஆகஸ்ட் 22-ஐ ஒட்டி நடக்கும் சென்னை வார நிகழ்ச்சிகள் என்று மெல்ல விரியுங்கள். ஐம்பது பேராவது விளையாடி, எந்தக் கேள்வி வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று உங்களுக்குத் தெரிந்த பிறகு பெரிய கூட்டத்துக்குப் போகலாம்.

மேசையைப் பார்த்தவுடன் "இது ஜோசியமா? எனக்கு எப்போது கல்யாணம் ஆகும்?" என்று கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது? (குரோம்பேட்டையிலிருந்து ஒருவர்)

எனக்கும் வாரம் ஒருவராவது இதைக் கேட்கிறார். மேசை, கட்டங்கள், அட்டைகள், எதிரே ஒரு பெண்மணி. மெரினாவில் கிளி அட்டை எடுத்துக் கொடுப்பதைப் பார்த்து வளர்ந்த ஊரில் அந்தச் சந்தேகம் இயல்புதான். ஆனால் ஒரு கணமும் அதை வளரவிடாதீர்கள். கூட்டம் சேரட்டும் என்று "ஆமாம், உங்கள் மனத்தில் இருப்பதை இந்தப் பலகை சொல்லும்" என்று ஒருவர் கூவுவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அன்று அவருக்குக் கூட்டம் வந்தது உண்மை. ஆனால் வந்தவர்கள் பதிலைத் தேடி வந்தார்கள். விளையாட்டிடம் இருப்பதோ கேள்வி. இரண்டும் ஒட்டவே ஒட்டாது.

நான் பரமபதத்தைச் சொல்லித் தொடங்குவேன். "சின்ன வயதில் வைகுண்ட ஏகாதசி இரவு கண்விழித்துப் பரமபதம் ஆடியிருக்கிறீர்களா?" என்று கேட்டால் நாற்பதைத் தாண்டியவர்களின் முகம் மலர்ந்துவிடும். பரமபத சோபான படம் என்பது அதன் முழுப்பெயர். சோபானம் என்றால் படிக்கட்டு. ஏணிகள் நற்குணங்கள், பாம்புகள் தீய குணங்கள். ஆணவத்தின் வாயில் விழுந்து வால் வழியாகக் கீழே வரும் குழந்தை, எதனால் விழுந்தோம் என்பதையும் கூடவே கற்றுக்கொள்கிறது. வட இந்தியாவில் ஞான சௌபர் என்று இதற்கு ஓர் உறவு விளையாட்டு உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்துக்குப் போன பிறகுதான் படிப்படியாகக் குணங்களின் பெயர்கள் உதிர்ந்து, வெறும் பாம்பும் ஏணியுமாக நம்மிடமே திரும்பி வந்தது. ஆகவே தன்னை அறியும் பலகை நமக்கு அந்நியமானதில்லை. அதைச் சொல்லிவிட்டு, "அன்று பாம்பின் பெயர் பலகையில் எழுதியிருந்தது. இங்கே உங்கள் பாம்புக்கு நீங்களே பெயர் வைக்கலாம்" என்பேன். கல்யாணத் தேதி கேட்டவர்கூட அதற்குப் பிறகு பெரும்பாலும் உட்கார்ந்துவிடுகிறார்.

முழு ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது. பொது இடத்தில் யாருக்கு அவ்வளவு பொறுமை? (வேளச்சேரியிலிருந்து ஒரு வடிவமைப்பாளர்)

யாருக்கும் இல்லை, இருக்கவும் வேண்டாம். நிகழ்ச்சிகளுக்கென்று பன்னிரண்டு நிமிட ஆட்டம் ஒன்றைத் தனியாகச் செய்துகொள்ளுங்கள். நான்கு பேர், ஆளுக்கு மூன்று உருட்டல், அவ்வளவுதான். தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும் என்ற பழைய விதியை அங்கே எடுத்துவிடுங்கள். தாயம் விழாமல் ஐந்து முறை உருட்டியவர் ஆறாவது முறை எழுந்து போய்விடுவார்.

முதல் கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. "வீட்டில் உங்களை எந்தப் பெயரால் கூப்பிடுவார்கள்? அந்தப் பெயர் உங்களுக்குப் பிடிக்குமா?" என்பது என் முதல் அட்டை. இதற்கு வாய் திறக்காதவரை நான் இதுவரை பார்த்ததில்லை. ஒரு வங்கி அதிகாரி தம்மை இன்னும் "குட்டிப் பாப்பா" என்று கூப்பிடும் அத்தையைப் பற்றிச் சொல்லி, அத்தையின் பெயரைச் சொல்லும்போது குரல் தழுதழுத்தார். அந்த அதிகாரிக்கு வயது ஐம்பத்தெட்டு. இரண்டாவது கேள்வி கொஞ்சம் உள்ளே போகலாம். மூன்றாவது கேள்வி பதில் இல்லாமல் முடிய வேண்டும். அந்த அட்டையை அவர் கையிலேயே கொடுத்து, வீட்டுக்குப் போய் யோசிக்கச் சொல்லுங்கள். உங்கள் பெயரும் தொடர்பு விவரமும் அட்டையின் பின்புறம் சிறிய எழுத்தில் இருந்தால் போதும். துண்டறிக்கை அச்சடிக்கும் செலவு மிச்சம். துண்டறிக்கை அடுத்த குப்பைத்தொட்டி வரைதான் போகும், கேள்வி அட்டை வீடு வரை போகிறது.

தம்பதியாக வந்தால் மனைவியிடம் கேட்ட கேள்விக்குக் கணவர் பதில் சொல்லிவிடுகிறார்! (அண்ணா நகரிலிருந்து ஒரு வாசகி)

உண்மைதான், சில மேசைகளில் மனைவியும் சொல்லிவிடுகிறார். அருகருகே உட்கார வைக்காதீர்கள், எதிரெதிரே உட்கார வையுங்கள். பதில் சொல்பவர் கையில் ஒரு சோழியைக் கொடுத்து, சோழி யாரிடம் இருக்கிறதோ அவர் மட்டும் பேசலாம் என்று விதி வையுங்கள். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், விளையாட்டு விதி என்று எடுத்துக்கொள்வார்கள்.

ஆனால் அந்தக் கணவரின் ஆர்வத்தையும் வீணாக்க வேண்டாம். 1955-இல் ஜோசப் லுஃப்ட், ஹாரிங்டன் இங்காம் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஜோஹாரி சன்னல் என்று ஒரு படம் வரைந்தார்கள். நாமும் பிறரும் அறிந்தது, நாம் மட்டும் அறிந்தது, பிறர் மட்டும் அறிந்தது, யாருமே அறியாதது என்று அதில் நான்கு பலகணிகள். மூன்றாவது பலகணியை நம்மால் தனியாகத் திறக்க முடியாது. அதனால் ஒரு சுற்றில் மட்டும், "எதிரே இருப்பவரிடம் அவர் அறியாத நல்ல குணம் ஒன்றைச் சொல்லுங்கள்" என்று அட்டை வைத்திருக்கிறேன். "நல்ல" என்ற சொல்லை மறந்துவிடாதீர்கள். அந்தச் சொல் இல்லாமல் ஒருமுறை ஆடவைத்து, ஒரு குடும்பச் சண்டையை நானே தொடங்கிவைத்தேன்.

கல்லூரி விழாவில் என் மேசையில் ஒரு மாணவி அழுதுவிட்டாள். சுற்றிலும் கூட்டம். கைகால் ஓடவில்லை. நான் செய்தது தவறா அம்மா? (தாம்பரத்திலிருந்து ஓர் ஆசிரியை)

அழுகை வந்தது தவறில்லை அம்மா. அதற்குத் தயாராக இல்லாமல் மேசை போட்டதுதான் தவறு, அந்தத் தவற்றை நானும் செய்திருக்கிறேன். இனி இப்படிச் செய்யுங்கள். உடனே அட்டையைக் கவிழ்த்துவிடுங்கள், தாயக்கட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள். "என்ன ஆயிற்று, சொல்" என்று கேட்காதீர்கள். கேட்டால் அவள் சொல்லிவிடுவாள். இருபது பேர் முன்னால் சொன்னதற்காக மறுநாள் வருந்துவாள். தண்ணீர் கொடுங்கள், உடனிருப்பவரிடம் மேசையை ஒப்படைத்துவிட்டு அவளோடு கொஞ்சம் தள்ளிப் போய் நில்லுங்கள். பேசினால் கேளுங்கள், பேசாவிட்டால் சும்மா நில்லுங்கள். நாம் மனநல மருத்துவர்கள் இல்லை. மத்திய அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண் 14416. இருபத்துநான்கு மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசுகிறார்கள். அந்த எண்ணை மேசை மூலையில் எப்போதும் எழுதி வைத்திருங்கள். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் இரண்டு பேராவது போக வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இன்னொன்று. ஒவ்வொருவர் முன்னாலும் "கடந்து போகிறேன்" என்று ஒரு சிவப்பு அட்டையை வையுங்கள். அதை எடுத்து வைத்தால் ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. ஒரு நிறுவனத்தின் ஊழியர் விழாவில் அந்த அட்டை இல்லாமல் ஆடவைத்தேன். மேலாளரையும் அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்தேன். "எதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறீர்கள்?" என்ற கேள்விக்கு, வேலையை விட்டு ஊருக்குப் போக நினைப்பதை ஓர் இளைஞர் சொல்லிவிட்டார். அடுத்த மாதம் அவருக்கு வரவேண்டிய பொறுப்பு வேறொருவருக்குப் போனது. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அந்த நாற்காலிகளை அப்படிப் போட்டது நான்தான். அன்றிலிருந்து அலுவலகங்களில் ஒரே மேசையில் மேலதிகாரியும் கீழ்ப்பணியாளரும் உட்காரக் கூடாது என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்கிறேன். இதனால் இரண்டு வாய்ப்புகள் கைநழுவின. போகட்டும்.

விளையாடுபவர்களைப் படம் எடுத்துச் சமூக ஊடகத்தில் போடலாமா?

பலகையையும் கைகளையும் எடுங்கள். முகம் வேண்டுமென்றால் ஆட்டம் முடிந்த பிறகு கேட்டு எடுங்கள், ஆடும்போது வேண்டாம். கேமராவைப் பார்த்ததும் பதில்கள் மேடைப் பேச்சாக மாறிவிடும். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர் என்றால் பெற்றோர் சம்மதம் இல்லாமல் எதையும் சேகரிக்கவே வேண்டாம். 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது.

பெசன்ட் நகர் கடற்கரையில் மாலை நேரத்தில் நடத்தலாமா? (அடையாற்றிலிருந்து ஒரு மாணவர்)

கடற்காற்று அட்டைகளைக் கடலுக்கே கொண்டுபோய்விடும், எனக்கு ஒரு கட்டு அப்படிப் போனது. துணிப் பலகையும், அட்டைக்குப் பதிலாகக் கேள்வி எழுதிய மரத்துண்டுகளும் வைத்துக்கொள்ளுங்கள். தாயக்கட்டை மணலில் உருளாது. ஒரு பக்கம் தேய்த்து வெளுப்பாக்கிய புளியங்கொட்டைகளை ஒரு தட்டில் போடுங்கள், அந்தச் சத்தத்துக்கே ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். கடற்கரையோ மாநகராட்சிப் பூங்காவோ, மண்டல அலுவலகத்தில் எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை திறந்தவெளியில் தேதி குறிக்காதீர்கள்.

அட்டைகளை ஆங்கிலத்தில் எழுதித் தமிழில் பெயர்த்தோம். தமிழ் அட்டையை யாரும் எடுப்பதில்லை. சென்னையில் ஆங்கிலமே போதுமா?

போதாது. உங்கள் தமிழ் அட்டைகளை அனுப்பியிருந்தீர்கள், படித்தேன். "உங்கள் மிகப் பெரிய பலவீனம் என்ன?" என்று இருக்கிறது. நேர்முகத் தேர்வில் கேட்பது போல இருக்கிறது, அதற்கு மனிதர் தேர்வுப் பதில்தான் சொல்வார். "எதைச் சொன்னால் உங்களுக்குச் சுருக்கென்று தைக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். தமிழிலேயே யோசித்து, புதிதாக எழுதுங்கள். "நீ" என்று எழுதிய அட்டைகளையும் மாற்றிவிடுங்கள். அறுபது வயதுப் பெரியவர் கையில் அது போகும்போது மேசையில் இருக்கும் எல்லோருக்கும் கூசுகிறது.

பள்ளிக்கூடங்களில் விற்கலாமா?

பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கான விளையாட்டுப் பொருள்களுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அது இல்லாமல் அவர்களுக்கு விற்க நினைக்காதீர்கள், பெட்டியில் வயதைத் தெளிவாக அச்சிடுங்கள். என் பலகையைப் பெரியவர்களுக்கு மட்டுமே வைத்திருக்கிறேன்.

எல்லோரும் ஆடுகிறார்கள், "ரொம்ப நன்றாக இருக்கிறது" என்கிறார்கள், யாரும் வாங்குவதில்லை. (பெரம்பூரிலிருந்து ஒரு தம்பதி)

ஆடி முடித்து நெகிழ்ந்து உட்கார்ந்திருப்பவரிடம் அந்த நொடியே விலை சொல்கிறீர்களா? நானும் தொடக்கத்தில் அப்படிச் செய்தேன். முகம் சட்டென்று மூடிக்கொள்ளும். விற்பனை மேசையை ஆட்ட மேசையிலிருந்து பத்தடி தள்ளிப் போடுங்கள், விலையைப் பெரிதாக எழுதி வையுங்கள். வேண்டுமென்பவர் நடந்து போவார். முழுப் பெட்டிக்குத் தயங்குபவருக்காக இருபது அட்டைகள் கொண்ட சிறு கட்டு ஒன்று இருக்கட்டும். துணிப்பையில் போட்டுக் கொடுங்கள், பிளாஸ்டிக் பைக்கு இங்கே 2019 முதல் தடை இருக்கிறது. என் அனுபவத்தில் நிகழ்ச்சி நாளில் வாங்குபவரைவிட, கையில் கொண்டுபோன அட்டையைப் பார்த்துப் பத்து நாள் கழித்துத் தொலைபேசியில் கேட்பவர்தான் அதிகம்.

என் அம்மாவுக்கு எழுபது வயது. என்னோடு வந்து ஒரு மேசையை நடத்த ஆசைப்படுகிறார். சரியாக வருமா? (மேற்கு மாம்பலத்திலிருந்து ஒரு பெண்)

கட்டாயம் அழைத்து வாருங்கள். இளைஞர்கள் என்னிடம் சொல்லத் தயங்குவதை ஒரு பாட்டியிடம் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். இரண்டே விஷயங்களை மட்டும் அவருக்குச் சொல்லிக்கொடுங்கள். பதிலைக் கேட்டுவிட்டு அறிவுரை சொல்லக் கூடாது, "உனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லையா?" என்று கேட்கக் கூடாது. முதல் நாள் இரண்டாவது விஷயம் கொஞ்சம் கடினமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அவருக்கென்று பெரிய எழுத்தில் ஒரு கட்டு அச்சிடுங்கள், முதுகு சாய்க்கும் நாற்காலி கொடுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார வைக்காதீர்கள். வீட்டுப் பெயர் கேட்கும் அந்த முதல் அட்டையை அவரே படிக்கட்டும்.