காது மிஷின் போட்டவர்கள் போனைக் கையில் பிடிக்காமல் பேச வழி இருக்கிறதா?

அப்பாவுக்கு இரண்டு காதிலும் மிஷின் இருக்கிறது, போனைக் காதில் வைத்தால் விசில் அடிக்கிறது, ஸ்பீக்கரில் போட்டால் தெருவுக்கே கேட்கிறது, வேறு வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. நான் 11 வருஷமாக இரண்டு காதிலும் மிஷின் போட்டிருக்கிறேன். காரைக்குடியில் வீட்டோடு சேர்ந்த தையல் கடை. ஒரு கையில் துணி, இன்னொரு கையில் கத்திரிக்கோல் என்று நாள் பூரா ஓடும். அதனால் போனைப் பிடிக்காமல் பேசுவது எனக்கு வசதிக்காக இல்லை, பிழைப்புக்காக.

முதலில் அந்த விசிலைச் சொல்லிவிடுகிறேன். காதுக்குப் பின்னால் மாட்டும் மிஷினில் சத்தத்தை வாங்கும் மைக் மேலே, காது மடலின் உச்சிக்குப் பக்கத்தில் இருக்கிறது. நாம் பழக்கத்தில் போனைக் காதுத் துவாரத்தில் அழுத்துகிறோம். உள்ளேயிருந்து கசிகிற சத்தம் போனில் மோதித் திரும்பி மைக்குக்குள்ளேயே போகிறது, கூ என்று கத்துகிறது. போனின் ஸ்பீக்கர் முனையைக் கொஞ்சம் மேலே ஏற்றி, அந்த மைக்குக்கு நேராக, ஒட்டாமல் பிடிக்கச் சொல்லுங்கள். இன்றைக்கே விசில் குறையும். காசு செலவில்லை.

ஸ்பீக்கரில் பேசுவதை நானும் ஐந்தாறு வருஷம் செய்தேன். பெங்களூரில் இருக்கும் என் மகள் போன் செய்தால் முதல் வார்த்தையே, "அம்மா, பக்கத்துல யாரு இருக்கா?" என்பதுதான். அளவு கொடுக்க வந்தவர்கள் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். "சாப்ட்டியா, நல்லா இருக்கியா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். மனசில் இருப்பதை அவள் சொல்லவே மாட்டாள். நானும் கேட்க முடியாது.

அதனால்தான் ப்ளூடூத் வைத்த மிஷின் வாங்கினேன். ஏமாந்ததும் அங்கேதான். விற்றவர், "ப்ளூடூத் இருக்கும்மா, போன் நேரா காதுல கேக்கும்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. மகளின் குரல் இரண்டு காதிலும் தேன் மாதிரி இறங்கியது. ஆனால் போன் கட்டிங் மேஜையில் கிடக்க, நான் தையல் மிஷினில் உட்கார்ந்தபடி பேசினால், "அம்மா, கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு" என்கிறாள். ஏனென்றால் என் பேச்சை வாங்கியது காது மிஷின் இல்லை, மேஜையில் கிடந்த போனின் மைக்.

வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்க வேண்டிய கேள்வி இது ஒன்றுதான்: "என் பேச்சை எந்த மைக் வாங்கும்? காது மிஷினா, போனா?" ப்ளூடூத் உண்டா என்று மட்டும் கேட்டால் பாதிப் பதில்தான் கிடைக்கும்.

விஷயம் இப்படி. ஆண்ட்ராய்டில் 2019இல் வந்த 10ஆம் பதிப்பு முதல், போன் சத்தத்தைக் காது மிஷினுக்கு அனுப்ப ஆஷா (ASHA) என்று ஒரு முறை இருக்கிறது. அதில் சத்தம் போனிலிருந்து காதுக்கு மட்டும் வரும், ஒருவழிப் பாதை. பேச்சுக்குப் போனின் மைக்தான். ஐபோனிலும் வெகுகாலம் இதே கதை. ஐபோன் 11 முதல்தான் இருவழியும் கிடைக்கிறது, அதுவும் மிஷினும் அதற்கு ஏற்ற மாடலாக இருந்தால். ஃபோனாக் கம்பெனி 2017இல் வேறு பாதை பிடித்தது. காரில், ஹெட்செட்டில் இருக்கும் சாதாரண ப்ளூடூத்தையே காது மிஷினுக்குள் வைத்தது. அந்த வகையில் காது மிஷினின் மைக்கே நம் பேச்சை வாங்கும். ப்ளூடூத் உள்ள பட்டன் போனாக இருந்தாலும் சேரும். ஆரம்பத்தில் ஒரு காதில்தான் கேட்டது, அடுத்த வருஷ மாடலிலிருந்து இரண்டு காதிலும். இப்போது எல்ஈ ஆடியோ என்ற புதுமுறை வந்திருக்கிறது, ஆண்ட்ராய்டு 13இலிருந்து. அதில் இருவழிப் பேச்சும் உண்டு, ஆனால் போன், மிஷின் இரண்டுமே அதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

அப்பாவிடம் இப்போது இருப்பது ஒருவழி மிஷின் என்றால் உடனே மாற்றாதீர்கள். நான் ஒன்றரை வருஷம் ஓட்டிய வழி: ஜாக்கெட் துணியில் ஒரு பை தைத்து, போனின் மைக் முனை மேலே இருக்கும்படி தலைகீழாகப் போட்டு, கழுத்தில் மாட்டி நெஞ்சில் தொங்கவிட்டேன். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண்தான். கை இரண்டும் சும்மா இருக்கும், எதிர்முனைக்கும் தெளிவாகக் கேட்கும். ப்ளூடூத்தே இல்லாத பழைய மிஷின் என்றால், அதில் டி என்ற வசதி, அதாவது காந்த அலை வழியாகச் சத்தத்தை வாங்கும் டெலிகாயில் என்ற சின்னக் கம்பிச் சுருள், இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கழுத்தில் மாலை போல மாட்டும் ப்ளூடூத் லூப் கிடைக்கிறது, மைக்கும் அதிலேயே இருக்கும். புது மிஷினை விட எவ்வளவோ குறைந்த செலவு.

இரண்டு வருஷமாக நான் போடுவது இருவழி மிஷின். மணி காதுக்குள் அடிக்கும். பொத்தானை ஒரு அழுத்து, பேசலாம். போன் அடுத்த அறையில் சார்ஜில் கிடக்கும். போன ஆவணியில் ஒரு மத்தியானம், கடையில் மூன்று பேர் இருக்க, ஒரு சேலைக்கு ஃபால்ஸ் அடித்துக்கொண்டிருந்தேன். மகள் கூப்பிட்டாள். வழக்கம்போல் "யாரு இருக்கா?" "இருக்காங்க, நீ சொல்லு, எனக்கு மட்டும்தான் கேக்கும்." கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அம்மா, நாள் தள்ளிப் போயிருக்கு." ஊசியைத் துணியிலேயே குத்தி நிறுத்திவிட்டு, "சரிடா, சரிடா" என்று மட்டும் சொன்னேன். உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது. இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் முதல் ஆளாகச் சொன்ன சேதி அது.

குறைகளும் உண்டு. காது மிஷினின் மைக் வாய்ப் பக்கம் இல்லை, காதுக்குப் பின்னால் இருக்கிறது. ஆகையால் பக்கத்துச் சத்தத்தையும் சேர்த்து வாங்கும். தையல் மிஷின் மோட்டார் ஓடினால் எதிர்முனையில் ரயில் போகிறது என்கிறார்கள். பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டுத்தான் பேசுகிறேன். குக்கர் விசில், மிக்ஸி, மொட்டைமாடிக் காற்று எல்லாம் அப்படியே போகும். தலை நிறைய மல்லிகைச் சரம் வைத்தால் அது மைக்கில் உரசிச் சரசரக்கும். பேட்டரியும் சீக்கிரம் காலியாகும். பழுப்பு ஸ்டிக்கர் ஒட்டிய 312 நம்பர் செல் ஒரு வாரம் வந்தது, நிறையப் பேசினால் எனக்கு நாலைந்து நாள்தான். ராத்திரி சார்ஜ் போடும் வகை அப்பாவுக்குச் சுலபம், சின்ன செல்லை நடுங்கும் விரலால் மாற்ற வேண்டியதில்லை.

இன்னொன்று, தெளிவு. சாதாரணப் பழைய போன் கால் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் சத்தத்தைக் கடத்தும், எண் ஏற ஏற ஸ்தாயியும் ஏறும். 4ஜி வழியாகவே பேச்சு போகும் வோல்ட்இ (VoLTE) காலில் ஏறக்குறைய 7000 வரை வரும். வயசாகிக் காது மந்தமாகிறவர்களுக்கு முதலில் போவது உச்ச ஸ்தாயிதான். கட்டு, தட்டு, பட்டு மூன்றும் "அட்டு" என்றே கேட்கும். ஒரு கல்யாண ஜாக்கெட்டுக்கு "கை எட்டு இன்ச் அக்கா" என்று போனில் சொன்னதைப் பத்து என்று கேட்டு வெட்டிவிட்டேன். நீளமாக வெட்டியதால் மடித்துத் தைத்துத் தப்பித்தேன். சின்னதாகப் போயிருந்தால் பட்டு வீண். அப்பா போனில் வோல்ட்இ ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். மிஷினின் ஆப்பில் பேசும்போது சுற்றுச் சத்தத்தைக் குறைக்கும் வசதி இருந்தால் அதையும் பாதிக்கு இறக்குங்கள். போனின் ஆக்ஸசிபிலிட்டி பகுதியில் ஹியரிங் டிவைஸ் என்று இருக்கும், அங்கே கால் சத்தம் எப்போதும் காது மிஷினுக்கே போகும்படி வைத்துவிடுங்கள். ஐபோனில் சில நொடிகளில் தானாகவே எடுக்கும்படியும் வைக்கலாம். ஆனால் யார் கூப்பிட்டாலும் எடுத்துவிடும், அப்பாவுக்கு அது சரிப்படுமா என்று கேட்டுக்கொண்டு வையுங்கள்.

புதிதாக வாங்குவதென்றால் அப்பாவை நேரில் அழைத்துப்போய், அவர் அன்றாடம் வைத்திருக்கும் அதே போனோடு சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு, நீங்கள் தெருவில் வண்டிச் சத்தத்துக்கு நடுவே நின்று கூப்பிடுங்கள். எட்டு, பத்து, கட்டு, தட்டு என்று கலைத்துச் சொல்லுங்கள், அவர் திருப்பிச் சொல்லட்டும். அவர் குரல் உங்களுக்குக் கிணற்றிலிருந்து வருகிறதா, பக்கத்திலிருந்து வருகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். பல இடங்களில் சில நாள் வீட்டில் போட்டுப் பார்க்கக் கொடுக்கிறார்கள், கூச்சப்படாமல் கேளுங்கள்.