டியூப் எப்போது வாங்கினீர்கள்?

வெயில் பட்டதும் சிவந்துபோகும் வெளுத்த தோல்காரர்களின் கடிதங்கள் மேஜையில் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. தோல் மருத்துவர் என்ற முறையில் இந்த இதழை முழுக்க அவர்களுக்கே ஒதுக்கிவிட்டேன். முகப்பரு, பொடுகுக்காரர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் தோல் மிகவும் வெளுப்பு. கால் மணி நேரம் வெயிலில் நின்றால் போதும், சாயங்காலம் மூக்கும் கன்னமும் சிவந்து எரியும், அப்புறம் உரியும். எஸ்.பி.எஃப். (வெயில் பாதுகாப்பு எண்) 50 போட்ட சன்ஸ்கிரீன் வாங்கித் தினமும் தவறாமல் பூசுகிறேன். அப்படியும் காது நுனியும் பின்கழுத்தும் கன்றிப்போகின்றன. எந்த சன்ஸ்கிரீனும் என் தோலுக்கு வேலை செய்யாதா டாக்டர்?

அந்த டியூப் எப்போது வாங்கினீர்கள்? இந்தக் குறையோடு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். டியூபையும் கையோடு கொண்டுவரச் சொல்வேன். பெரும்பாலும் மாதக்கணக்கில் பழையதாக இருக்கும், உள்ளே பாதிக்கு மேல் மிச்சமும் இருக்கும். தினமும் பூசுகிற டியூப் அத்தனை நாள் எப்படித் தாங்கும்?

சரி, என் எதிரிலேயே பூசிக் காட்டுங்கள் என்பேன். விரல் நுனியில் ஒரு பட்டாணி அளவு எடுப்பார்கள். நெற்றியில் ஒரு பொட்டு, கன்னத்துக்கு ஒன்று ஒன்று, மூக்கில் ஒன்று, தாடையில் ஒன்று. ஐந்து பொட்டையும் இழுத்துத் தேய்த்தால் பூச்சு முடிந்தது. காது, நெற்றியின் ஓரம், தாடைக்குக் கீழே, பின்கழுத்து எதிலும் கை போகாது. நீங்கள் எழுதியிருப்பதும் காதும் கழுத்தும்தானே? அங்கே சன்ஸ்கிரீன் தோற்கவில்லை, அங்கே அது போகவே இல்லை.

டியூப் மேல் இருக்கிற 50 என்ற எண் எப்படி வருகிறது தெரியுமா? ஆய்வகத்தில் ஆட்களின் முதுகில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்று அளந்து பூசி, எவ்வளவு புற ஊதாக் கதிர் பட்டால் சிவக்கிறது என்று பார்க்கிறார்கள். அந்தக் கனத்துக்குத்தான் அந்த எண். வீட்டில் நாம் பூசுவது பெரும்பாலும் அதில் கால் பங்கிலிருந்து அரைப் பங்குதான். பாதி பூசினால் 50 என்பது 25-க்கோ அதற்கும் கீழேயோ இறங்கிவிடும். மாநிறத் தோல் அதையும் சமாளித்துக்கொள்ளும். உங்கள் தோல் அன்று சாயங்காலமே காட்டிக்கொடுத்துவிடும்.

ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனி வரை ஒவ்வொரு கோடு பிழியுங்கள். முகம், காது, கழுத்துக்கு மட்டும் இவ்வளவு வேண்டும். முழு உடம்புக்கு என்றால் 30 முதல் 35 மில்லி வரை. ஒரேயடியாக இரண்டு கோட்டையும் அப்பினால் வழியும், அதனால் முதலில் ஒன்றைப் பூசி, பத்து நிமிஷம் கழித்து அடுத்ததைப் பூசுங்கள். முதல் தடவை விட்டுப்போன இடம் இரண்டாவதில் நிரம்பிவிடும். வெளியே இறங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பே பூச்சு முடிந்திருக்க வேண்டும். வெளியிலேயே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி. நன்றாக வியர்த்தாலோ துண்டால் துடைத்தாலோ அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

இந்தக் கணக்கில் தினம் இரண்டு தடவை பூசினால் 50 கிராம் டியூப் மூன்று வாரம் தாண்டாது. அதற்கு மேலும் தாங்கினால் கையைத்தான் குறை சொல்ல வேண்டும். விலை உயர்ந்த சின்ன டியூபை வாங்கிச் சிக்கனமாகத் தொடுவதைவிட, மலிவான பெரிய பாட்டிலைத் தாராளமாகப் பூசுவது எவ்வளவோ மேல்.

எஸ்.பி.எஃப். 30 தடுப்பது 97 சதவீதம், 50 தடுப்பது 98 சதவீதம்தான், ஒரு சதவீதத்துக்காக ஏன் கூடுதலாகச் செலவழிக்க வேண்டும் என்கிறாள் என் அக்கா. சரியா?

அக்கா சொல்கிற எண்கள் சரி, கணக்குதான் தலைகீழ். தோலைச் சுடுவது தடுக்கப்பட்ட கதிர் இல்லை, உள்ளே நுழைந்த கதிர். 30-ல் முப்பதில் ஒரு பங்கு நுழைகிறது, 50-ல் ஐம்பதில் ஒரு பங்கு. அதாவது 30 பூசினவருக்கு, 50 பூசினவரைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் கதிர் போகிறது. எளிதில் கன்றாத தோலுக்கு இது பெரிய விஷயமில்லை, உங்களுக்குப் பெரிய விஷயம். குறைவாகப் பூசும் நம் பழக்கத்துக்கும் கொஞ்சம் ஈடு கட்ட வேண்டும் இல்லையா? அதனால் 50 அல்லது 50+ வாங்குங்கள். 100 என்று போட்டிருப்பதைப் பார்த்து நாள் முழுக்கத் தாங்கும் என்று நம்ப வேண்டாம். அதையும் இரண்டு மணி நேரத்தில் மறுபடி பூசித்தான் ஆக வேண்டும். இன்னொன்று, 30-ன் மேல் 15 பூசினால் 45 ஆகாது.

எஸ்.பி.எஃப். சொல்வது முக்கியமாக யு.வி.பி. என்ற புற ஊதாக் கதிரைப் பற்றித்தான், தோலைச் சிவக்க வைப்பது பெரும்பாலும் அது. யு.வி.ஏ. என்ற இன்னொரு வகை இன்னும் ஆழமாகப் போகும், ஜன்னல் கண்ணாடியையும் தாண்டி வரும். அதற்கு டியூபில் வேறு அடையாளம் பாருங்கள்: ஜப்பானிய முறையில் பி.ஏ. என்று போட்டு அதன் பக்கத்தில் கூட்டல் குறிகள், நான்கு வரை இருக்கும். ஐரோப்பிய டியூப் என்றால் ஒரு வட்டத்துக்குள் யு.வி.ஏ. என்று இருக்கும், எஸ்.பி.எஃப். எண்ணில் மூன்றில் ஒரு பங்காவது யு.வி.ஏ. பாதுகாப்பு உண்டு என்பதற்கு அது அடையாளம். இரண்டும் இல்லாவிட்டால் ‘பிராட் ஸ்பெக்ட்ரம்’ (இரண்டு வகைக் கதிரையும் தடுக்கும்) என்றாவது எழுதியிருக்க வேண்டும். அதுவும் இல்லையா, டியூபை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

என் மகனுக்கு ஏழு வயது. பிறவியிலேயே அல்பினிசம், தோலில் நிறமி இல்லாத குறை. பள்ளியில் விளையாட்டு நேரத்துக்கு சன்ஸ்கிரீன் பூசி அனுப்பச் சொல்கிறார்கள். பூசினால் கண் எரிகிறது என்று அழுகிறான், ஓடுகிறான். தினமும் சண்டை. அவனுக்கு என்னதான் வழி?

சண்டையை முதலில் பாதியாகக் குறைப்போம். பூச வேண்டிய இடத்தைக் குறைத்துவிட்டால் சண்டையும் குறைந்துவிடும்.

முழுக்கை, காலர் வைத்த சட்டை, முழு நீளக் கால்சட்டை. துணியை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். நூல்களுக்கு நடுவே வெளிச்சம் பொத்துக்கொண்டு வந்தால் வெயிலும் வரும். நெருக்கமான நெசவு, கொஞ்சம் அடர் நிறம் நல்லது. மெல்லிய வெள்ளைப் பருத்திச் சட்டை நனைந்துவிட்டால் பாதுகாப்பு இன்னும் குறையும், நீச்சலில் அதை நம்பாதீர்கள். யு.பி.எஃப். (துணிக்கான வெயில் பாதுகாப்பு எண்) 50 என்று போட்ட துணி கிடைத்தால் சிறப்பு: ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் கதிரை விடாது, துடைத்தால் போகாது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நினைவுபடுத்தவும் வேண்டாம். தொப்பி சுற்றிலும் விளிம்பு வைத்ததாக இருக்கட்டும், விளிம்பு ஏழெட்டு சென்டிமீட்டராவது வேண்டும். கிரிக்கெட் தொப்பி நெற்றியை மட்டும் காப்பாற்றிவிட்டுக் காதையும் கழுத்தையும் கைவிட்டுவிடும். அல்பினிசத்தில் கண் கூசுவது அதிகம் என்பதால், கண் மருத்துவரைக் கேட்டு யு.வி. தடுக்கும் கண்ணாடியும் போட்டுவிடுங்கள்.

ஆஸ்திரேலியாவில் 1981-ல் தொடங்கிய வெயில் பாதுகாப்புப் பிரசாரத்தில் வரிசை இப்படித்தான் இருந்தது: முதலில் சட்டை, அடுத்து சன்ஸ்கிரீன், அப்புறம் தொப்பி. வெளுத்த தோல்காரர்கள் நிறைந்த, வெயிலும் கொளுத்துகிற நாட்டில் சட்டையைத்தான் முதலில் வைத்தார்கள்.

இத்தனைக்கும் அப்புறம் பூச மிச்சம் இருப்பது முகம், காது, கழுத்து, புறங்கை. குட்டை சாக்ஸ் என்றால் கணுக்காலும். கண் எரிவது பெரும்பாலும் கதிரைத் தடுக்கும் ரசாயனம் சேர்ந்த கிரீம் வியர்வையோடு கண்ணுக்குள் இறங்குவதால். வெறும் ஜிங்க் ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும் உள்ள கனிம வகையை வாங்குங்கள். கண்ணைச் சுற்றி மட்டும் அதையே ஸ்டிக்காக, நான்கைந்து தடவை ஓட்டி ஓட்டித் தடவுங்கள். ஒரு தடவை இழுத்தால் போதாது. வெள்ளையாகப் படிகிறது என்று மற்றவர்கள் கனிம வகையைத் திட்டுவார்கள், அந்தப் பிரச்சினை உங்கள் மகனுக்கு இல்லை. (கனிமம் வெயிலைத் திருப்பி அடித்துவிடும் என்று எங்கும் எழுதுகிறார்கள். உண்மையில் அதுவும் பெரும்பகுதியை உறிஞ்சத்தான் செய்கிறது.)

அப்புறம், ஸ்டிக்கை அவன் கையிலேயே கொடுத்துவிடுங்கள். கண்ணாடி முன்னால் நின்று அவனே பூசட்டும். நீங்கள் காதுக்குப் பின்னால் மட்டும் சரிபார்த்தால் போதும். என்னிடம் வரும் பிள்ளைகள் பலருக்கு அழுகை கிரீமால் இல்லை, அடுத்தவர் கை முகத்தில் படுவதால்.

பள்ளியிடம் ஒன்று கேளுங்கள்: விளையாட்டு நேரத்தைக் காலையிலோ மாலையிலோ மாற்ற முடியுமா? மொபைலில் யு.வி. இண்டெக்ஸ், அதாவது புற ஊதாக் கதிரின் கடுமையைக் காட்டும் எண், பார்க்கலாம், 3-ஐத் தொட்டாலே பாதுகாப்பு தேவை. மொபைல் கையில் இல்லையென்றால் நிழலைப் பார்க்கச் சொல்லுங்கள். அவன் நிழல் அவனைவிடக் குட்டையாக இருந்தால் உள்ளே வந்துவிட வேண்டும்.

கொஞ்சம் கொஞ்சமாக வெயிலில் நின்று தோலைப் பழக்கினால் கன்றுவது நின்றுவிடும் என்கிறான் ஜிம் நண்பன்.

அவன் தோல் பழகும் தம்பி, உங்களுடையது பழகாது. ஹார்வர்டு தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975-ல் வகுத்த தோல் வகைகளில் முதலாவது இதுதான்: எப்போதும் கன்றும், ஒருபோதும் கறுக்காது. கறுக்கிற தோலுக்கே அந்தக் கறுப்பு தரும் பாதுகாப்பு எஸ்.பி.எஃப். மூன்று, நான்கைத் தாண்டாது. அதற்கு விலை, தோல் செல்லின் மரபணுவில் விழும் சேதம்.

மழைமேகம் இருக்கும் நாளில், வீட்டுக்குள், காரில்?

மெல்லிய மேகம் புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியை விட்டுவிடும். சூடு தெரியாததால் நாமும் அதிக நேரம் நின்றுவிடுவோம், கன்றுவது அந்த நாட்களில்தான். மலைக்குப் போனால் ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். புதுப் பனி 80 சதவீதம் வரை கீழிருந்து திருப்பி அடிக்கும், அங்கே மூக்குத் துவாரத்தின் அடியிலும் தாடைக்குக் கீழும் பூச வேண்டும். வீட்டில் ஜன்னலை ஒட்டியே உட்கார்ந்து வேலை செய்கிறீர்கள், நெடுநேரம் கார் ஓட்டுகிறீர்கள் என்றால் பூசுங்கள். மற்றபடி வீட்டுக்குள் வேண்டாம்.

ஜிங்க் ஆக்சைடு பொடி வாங்கி எண்ணெயில் கலந்து நானே தயாரித்தால் என்ன?

வேண்டாம். பொடி கட்டி கட்டியாகச் சேர்ந்துகொள்ளும், பூசினால் நடுநடுவே வெற்றிடம் விழும். கண்ணுக்கு வெள்ளையாகத்தான் தெரியும், ஏமாற்றுவதே அதுதான்.

தினமும் பூசுவதால் நிஜமாகவே புற்றுநோய் குறைகிறதா, அல்லது கம்பெனிக்காரர்கள் கிளப்பிவிட்டதா?

சந்தேகப்படுவது நல்லது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நாம்பூர் என்ற ஊரில் 1992-ல் ஒரு சோதனை தொடங்கினார்கள். 1,600-க்கும் மேற்பட்ட பெரியவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்குத் தலை, கழுத்து, கைகளில் தினமும் பூச சன்ஸ்கிரீன் கொடுத்தார்கள். மற்றவர்கள் எப்போதும்போல அவரவர் இஷ்டம். நாலரை வருஷத்தில் ஸ்க்வாமஸ் செல் என்ற வகைத் தோல் புற்றுக்கட்டிகள், தினமும் பூசியவர்களிடம் சுமார் 40 சதவீதம் குறைவு. மெலனோமா என்ற ஆபத்தான தோல் புற்றும் அவர்களுக்குக் குறைவு என்று பின்னால் தெரிந்தது. எனக்குப் பிடித்த விவரம் வேறு: பூசினேன் என்று சொன்னதை மட்டும் நம்பாமல், பாட்டில்களைத் திரும்ப வாங்கி எடை போட்டார்கள். கொடுத்த சன்ஸ்கிரீனும் 50 இல்லை, 15-ஐ ஒட்டியதுதான். தினமும் பூசியதால் வந்த பலன் அது.

பருவுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை சாப்பிடுகிறேன். அதிலிருந்து வெயில் இன்னும் மோசமாகச் சுடுகிறது.

அந்த மாத்திரை அப்படிச் செய்யும், குறிப்பாக யு.வி.ஏ. படும்போது. ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் ஹைட்ரோகுளோரோதியாசைடும் அப்படித்தான். நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள், மாற்று இருக்கும். அதுவரை பி.ஏ. நான்கு கூட்டல் குறியும் முழுக்கைச் சட்டையும்.

இவ்வளவு மூடிக்கொண்டால் வைட்டமின் டி?

வெளுத்த தோல் கொஞ்ச நேர வெளிச்சத்திலேயே அதைத் தயாரித்துவிடும். சன்ஸ்கிரீன் பூசுகிற பலருக்கு அளவு சரியாகவே இருக்கிறது. அல்பினிசம் உள்ளவர்கள்போல வெயிலை முழுக்கத் தவிர்ப்பவர்கள் ரத்தத்தில் அளவு பார்த்து, தேவைப்பட்டால் மாத்திரையாக எடுத்துக்கொள்ளலாம். அதற்காக வெயிலில் போய் நிற்க வேண்டாம்.

எல்லாம் சரி டாக்டர், நேற்றே கன்றிவிட்டது. இப்போது என்ன செய்ய?

குளிர்ந்த நீரில் குளியுங்கள், ஐஸ் வைக்காதீர்கள். ஈரம் காய்வதற்குள் வாசனை சேராத மாய்ஸ்சரைசர். தண்ணீர் நிறையக் குடியுங்கள். வலிக்கு, உங்களுக்கு ஒத்துக்கொள்ளும் என்றால், ஐபுபுரோஃபென். மரத்துப்போக வைக்கும் களிம்புகள் வேண்டாம், அவற்றால் ஒவ்வாமை வரலாம். சிவப்பு 12 முதல் 24 மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும், அதனால் நேற்றைவிட இன்று மோசமாக இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள், அதன் மேல் சன்ஸ்கிரீனும் வேண்டாம், தளர்வான துணியால் மூடிக்கொண்டு வெளியே போங்கள். காய்ச்சல், நடுக்கம், வாந்தி, தலைசுற்றல் இருந்தாலோ, கொப்புளம் பெரிய அளவில் பரவினாலோ, இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.