வீட்டுப் பெண் – கடிதம்

அன்புள்ள அக்கா,

நான் திருச்சிப் பெண், வயது 22. ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு வீட்டில் ஓ பேராக இருக்கிறேன், அதாவது அவர்களோடு தங்கிக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு மொழியும் படிப்பது. காலை ஆறரைக்கு எழுந்து இரண்டு குழந்தைகளுக்கும் டப்பா கட்டி, கிண்டர்கார்டனில் விட்டு, துணி துவைத்துப் போட்டால் ஒன்பது ஆகிவிடும். மூன்று மணிக்குக் கூட்டி வந்தால் எட்டரைக்குத் தூங்க வைக்கும்வரை நான்தான். நல்ல மனிதர்கள். 'நீ எங்கள் வீட்டுப் பெண்' என்பார்கள். சின்னவனுக்கு அடிக்கடி காய்ச்சல், அதனால் மூன்று வாரமாக மொழி வகுப்புக்குப் போகவில்லை. கேட்கக் கூச்சமாக இருக்கிறது. தமிழ் பேச ஆளில்லை, இரவில் தூக்கமில்லை. தனிமைக்கு என்ன படிக்கலாம்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தனிமை இருக்கட்டும். ஊரை விட்டுப் போன எல்லாருக்கும் வருவதுதான், பழகிவிடும். அந்தக் காய்ச்சலைப் படித்ததும்தான் எனக்குத் தூக்கம் போயிற்று.

நாங்கள் திருவல்லிக்கேணியில் இருந்தபோது அப்பாவின் தூரத்து உறவில் ஒரு அக்காவை ஊரிலிருந்து கூட்டி வந்தார்கள். இங்கே பள்ளியில் சேர்ப்பதாகப் பேச்சு. தம்பி அப்போது கைக்குழந்தை. யாரும் அவளை ஒரு சொல் சொன்னதில்லை, தீபாவளிக்கு எனக்கு எடுத்த துணியிலேயே அவளுக்கும் பாவாடை தைத்தார்கள். ஆனால் விடியற்காலையில் அடிபம்பு அடிப்பவள் அவள்தான், தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிபவளும் அவள்தான். ஜூன் வந்தது, தம்பிக்கு அம்மை. அடுத்த ஜூனில் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை. இப்படியே தள்ளித் தள்ளி, ஒருநாள் கல்யாணம் செய்து, சீர்வரிசையோடு அனுப்பி வைத்தார்கள். என் புத்தகங்களுக்கெல்லாம் பழுப்புக் காகிதத்தில் மடிப்புக் கலையாமல் அட்டை போட்டுத் தருவாள். லேபிளில் பெயர் எழுதச் சொன்னால் மட்டும் 'நீயே எழுதிக்கோ' என்று அடுப்படிக்குப் போய்விடுவாள். எல்லாரும் நல்லவர்களாக இருந்ததால் அவளுக்குச் சண்டை போடக்கூட ஆளில்லாமல் போயிற்று.

நல்ல மனிதர்கள் என்கிறாய், சரி, இருக்கட்டும். நீ எழுதிய நேரத்தைக் கூட்டிப் பார்த்தாயா? காலையில் இரண்டரை, மாலையில் ஐந்தரை, ஆக எட்டு மணி நேரம். ஐந்து நாளில் 40. அங்கே விதி என்ன? ஒரு நாளைக்கு 6 மணி நேரம், வாரத்துக்கு 30, அதற்கு மேல் கிடையாது. வாரத்தில் ஒன்றரை நாள் ஓய்வு. மாதம் 280 யூரோ கைச்செலவுக்கு, அதற்கு மேல் 70 யூரோ மொழி வகுப்புக்கு. வகுப்புக்குப் போக நேரம் விட வேண்டும் என்று 1969-இல் ஸ்ட்ராஸ்பர்கில் போட்ட ஐரோப்பிய உடன்படிக்கையிலேயே எழுதி வைத்துவிட்டார்கள். அந்த அக்காவுக்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. உன்னிடம் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் இருக்கிறது, அதைப் பெட்டியில் வைத்துக்கொண்டு கூச்சம் என்கிறாயே, என்ன பெண் நீ! ஜெர்மனில் ஏ1 என்ற முதல் நிலைத் தேர்வுக்குப் படித்தபோது இந்தக் கூச்சம் எங்கே போயிருந்தது?

இன்றைக்கே ஒரு நோட்டு வாங்கு. வேலை தொடங்கிய நேரம், முடிந்த நேரம், தினமும் எழுது. சாப்பாட்டு மேஜையில் சின்னவனுக்கு ஊட்டினால் அதுவும் வேலை. அவர்கள் வெளியே போய், குழந்தைகள் தூங்க நீ வீட்டில் காவல் இருந்தால் அதுவும் வேலை. 'ஒரு பத்து நிமிஷம் பார்த்துக்கொள்' என்று சொல்லிப் போனதும் வேலை. எல்லாவற்றையும் எழுது. சோம்பலாக இருந்தாலும், பாசமாக இருந்தாலும், அன்றைக்கு உனக்குக் கேக் வாங்கி வந்திருந்தாலும் எழுது. வாரக் கடைசியில் அந்த அம்மாவிடம் காட்டி, வகுப்பு நேரத்துக்கு வேறு ஏற்பாடு செய்யச் சொல். நல்லவர்கள்தானே, செய்வார்கள். செய்யாவிட்டால் ஏஜென்சியிடம் சொல்லி, வெளிநாட்டவர் அலுவலகத்துக்கும் தெரிவித்துவிட்டு, மீதி மாதங்களுக்கு வேறு வீடு பார்க்கலாம், அதற்கு இடமிருக்கிறது. மொத்தமே ஒரு வருஷம்தான் அங்கே ஓ பேராக இருக்க முடியும். பிறகு நர்சிங்கோ வேறு ஆஸ்பில்டுங்கோ (தொழிற்பயிற்சி) போவதென்றால் மொழியில் பி1, பி2 என்று மேல் நிலைகளைக் கேட்பார்கள். வகுப்பை விட்டுவிட்டு எதை வைத்துக் கேட்பாய்?

என்ன படிக்கலாம் என்று கேட்டிருந்தாய். ஊர் நூலகத்தில் அட்டை வாங்கிக்கொள், சின்னவனுடைய படக்கதைகளில் தொடங்கு, தெரியாத சொல்லை மூத்தவளிடம் கேள், குழந்தைகள் சலிக்காமல் சொல்லித்தரும். தமிழில் என்ன படிப்பது என்று பிறகு பட்டியல் அனுப்புகிறேன். முதலில் திங்கட்கிழமை வகுப்புக்குப் போய்விட்டு எனக்கு எழுது.