மூடின குப்பைக் கிடங்குல இன்னும் எதுக்கு குழாய்?

கேள்வி: குப்பைக் கிடங்க மண்ணு போட்டு மூடியாச்சு, புல்லே முளைச்சிருச்சு. இன்னும் ஏன் கேஸ் எடுக்குறாங்க, கிணத்துத் தண்ணிய டெஸ்ட் பண்றாங்க?

பதில்: மேல மூடிட்டா உள்ள நடக்குறது நின்னுடாதுங்க. காத்து படாம மக்குற குப்பை வருஷக்கணக்கா கேஸ் விட்டுக்கிட்டே இருக்கும், அதுல ஏறக்குறைய பாதி மீத்தேன், மேல போக வழியில்லேன்னா அது பக்கவாட்டுல மண்ணு வழியா நகர்ந்து பக்கத்து கட்டடத்துக்குள்ள போய் சேரலாம், காத்துல 5லேர்ந்து 15 சதவீதம் வரை கலந்திருந்தா ஒரு தீப்பொறி போதும், வெடிச்சிரும். அதனாலதான் துளை போட்ட குழாய இறக்கி உறிஞ்சி எரிக்கிறாங்க, இல்ல கரண்ட் எடுக்குறாங்க.

தண்ணி விஷயம் இன்னும் கவலையானது. குப்பை வழியா இறங்குற கசிவுநீர்ல அம்மோனியா, குளோரைடு, உலோகம்லாம் இருக்கும். அது நிலத்தடி நீர்ல கலக்காம இருக்க அடியில களிமண்ணும் பிளாஸ்டிக் ஷீட்டும் விரிச்சு கசிவுநீர பம்ப் பண்ணி எடுக்கணும், பழைய கிடங்குகள் பலதுல அந்த ஷீட்டே கிடையாது. இன்னொண்ணு, கசிவுநீர் தேங்கினா கேஸ் குழாயும் மூழ்கி அடைச்சுக்கும். ரெண்டையும் தனித்தனியா பாக்கவே கூடாதுன்னு அடிச்சு சொல்வேன்.

டெஸ்டுக்கு, நிலத்தடி நீர் கிடங்குக்கு வர்ற மேல்பக்கம் ஒரு கிணறாவது, கிடங்கத் தாண்டிப் போற கீழ்ப்பக்கம் ரெண்டு மூணாவது வேணும். கீழ்ப்பக்கத்துல மட்டும் குளோரைடு ஏறுச்சுன்னா கசிவு இருக்கோன்னு உடனே பாக்கணும், ஏன்னா அது மண்ணுல ஒட்டாம தண்ணியோடயே முதல்ல வந்துரும்.